கிளிப்பச்சைக் கதவு

ஜூன் 2, ஞாயிறு

இந்த டைரி இவருக்குப் பெயின்ட் கடைக்காரர் பொங்கலுக்குக் குடுத்தது. ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில ஒரு கலரும் அதுக்கொரு பேரும் போட்டிருக்கு. இண்டையான் பக்கத்துக் கலருக்குப் பேர் 'காலைப் பனி'யாம். பாத்தால் நான் சட்டி இறக்கிற பழைய கைபிடித் துணியின்ர நிறம்தான். இவ்வளவு நாளும் அரிசி டின்னுக்கு மேல சும்மா கிடந்தது. எழுத ஒண்டும் இருக்கேல்ல. இண்டைக்கு இருக்கு. எங்கட வீட்டுக்குக் கதவு வந்திருக்கு.

வாசல் கதவு இல்ல, அறைக் கதவு. பத்துக்குப் பத்து அறை ஒண்டுக்குள்ள நான், இவர், மகள் ரொஷானி. சமையல், படுக்கை, உடுப்பு மாத்திறது எல்லாம் அதுக்குள்ளதான். நடுவில ஒரு சீலையைக் கட்டிப்போட்டு அதுக்குச் சுவர் எண்டு பேர் வச்சிருந்தம். நான் இந்த அகதி முகாமிலதான் பிறந்தன். இருபத்தொன்பது வயசு வரைக்கும் எனக்குத் தெரிஞ்ச சுவர் அதுதான்.

இவர் பெயின்டர். இந்த முகாமில ஆம்பிளையளில பாதிப்பேர் பெயின்டர்தான், வேற வேலைக்கு ஆர் எங்களைக் கூப்பிடுறாங்க? காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய பெரிய வீடு, இப்ப அங்கதான் பழைய பெயின்ட் சுரண்டுறார். வீட்டுக்காரர் பழைய கதவுகளைக் கழட்டிப் போட்டிட்டு, "வேணும்னா எடுத்துக்கப்பா அமலதாஸ்" எண்டாராம். ரெட்டைக் கதவு, தேக்கு, நல்ல கிளிப்பச்சை. லோடு ஆட்டோ வச்சுக் கொண்டுவந்து இறக்கி, நடுவில நிறுத்தி ஆணி அடிச்சாச்சு. இப்ப எங்களுக்கு ரெண்டு அறை! நான் உள்ள போறதும் வெளிய வாறதுமா இருந்தன். இவர் சிரிக்கிறார். "என்னப்பா, டிக்கெட் வாங்கிட்டுப் போ" எண்டுறார்.

பக்கத்து வீட்டுத் தயாபரி அக்கா எட்டிப் பாத்திட்டு, "ஓ, மாளிகைதான்" எண்டிட்டுப் போனா. தண்ணிக் குழாயில நடந்த சண்டைக்குப் பிறகு அவ என்னோட கதைச்ச முதல் வார்த்தை. வயித்தெரிச்சல்.

ஜூன் 9, ஞாயிறு

கதவு ஓரமெல்லாம் சிலாம்பு. மகளுக்குக் கையில ஏறிப்போடும் எண்டு இவர் இண்டைக்கு உப்புத்தாளால தேய்ச்சார். வெளியில வச்சுத் தேய்க்க இடம் எங்க? சந்தில ரெண்டு பேர் எதிரெதிரா வந்தாலே ஒராள் சுவரோட ஒட்டிக்கொண்டு நிக்கவேணும். உள்ளுக்கதான் தேய்ச்சார். சாமம் வரைக்கும் பாயிலயும் பானையிலயும் பச்சைத் தூள். கூட்டிக் கூட்டி எனக்கு இடுப்பு விட்டுப்போச்சு.

பச்சைக்கு அடியில நீலம், நீலத்துக்கு அடியில மஞ்சள். எத்தனை கலியாணத்துக்கு அடிச்சாங்களோ. ரொஷானிக்கு அந்த மஞ்சள் எண்டா உயிர். உரிஞ்சு நிக்கிற செதிலை நகத்தால கிளப்பி, எச்சில் தொட்டு நெத்தியில ஒட்டுறாள், பொட்டாம். பிறகு நகத்துக்கு ஒட்டுறாள், கியூட்டெக்ஸாம். பக்கத்து வீட்டுக் கவிந்தனையும் கூட்டிவந்து அவனுக்கும் ஒட்டிவிட்டாள். அவனுக்கு நாலு வயசு, இவளுக்கு மூண்டு. ஆனா அதிகாரம் முழுக்க இவள்தான்.

ஜூன் 21, வெள்ளி

கையெழுத்து நாள். ஆபீசுக்கு முன்னால வரிசையில நிண்டம். குடும்பத்தில எல்லாரும் நிக்கவேணும், இல்லாட்டி ஆள் இல்லை எண்டு எழுதிப்போடுவாங்க. ரொஷானி என்ர தோளில கிடந்து அனுங்கிக்கொண்டே இருந்தாள். "வயிறு நோகுது" எண்டாள். நாலு நாளாச்சு அவள் கக்கூசுக்கு ஒழுங்காப் போய். விளக்கெண்ணெய் குடுத்தன்.

ஜூன் 30, ஞாயிறு

பூச்சி மாத்திரை குடுத்தாச்சு. பூச்சியும் வரேல்ல, பசியும் வரேல்ல.

ஜூலை 4, வியாழன்

அங்கன்வாடி டீச்சர் கூப்பிட்டுவிட்டா. ரொஷானி கவிந்தன்ர கையைக் கடிச்சுப்போட்டாளாம். காரணமே இல்லையாம். இன்னொண்டும் சொன்னா. "முன்னாடி பாட்டெல்லாம் முழுசா பாடுவா, இப்ப பாதிலயே நின்னுட்டு முழிக்கிறா, வீட்ல ஏதாவது பிரச்சனையா?" எண்டு கேட்டா. எனக்குப் பத்திக்கொண்டு வந்துது. எங்கட வீட்டில என்ன பிரச்சனை? ரெண்டு அறை இருக்கு எங்கட வீட்டில!

பின்னேரம் மடியில வச்சு, "நிலா நிலா" எண்டு தொடங்கிக் குடுத்தன். ரெண்டு வரி பாடினாள். பிறகு என்ர வாயையே பாத்துக்கொண்டு இருந்தாள். நித்திரைத் தூக்கமா இருக்கும்.

தயாபரி அக்காட்ட மன்னிப்புக் கேக்கப் போகேல்ல. போனா ஒரு மணித்தியாலம் வாய் ஓயமாட்டா.

ஜூலை 14, ஞாயிறு

முகாமில மருத்துவ முகாம். மற்ற நேரம் இருமலுக்கு ஒரு கலர், காய்ச்சலுக்கு ஒரு கலர் மாத்திரை தந்து அனுப்புவாங்க. இந்த முறை ஒரு சின்ன வயசு டாக்டர், பேர் நப்பின்னை. பிள்ளையைப் பாக்க முதல் தகப்பனைப் பற்றிக் கேக்குறா. "அப்பா என்னம்மா வேலை?"

"பெயின்டர்."

"வீட்டுக்கு வந்து குளிப்பாரா, குளிச்சிட்டு வருவாரா?"

இதென்ன கேள்வி? வரிசையில நிண்ட பொம்பிளையள் எல்லாம் கொல்லெண்டு சிரிச்சிட்டாங்க. அவ சிரிக்கேல்ல. ரொஷானியின்ர கண்ணிமையை இழுத்துப் பாத்தா, பல் முரசைப் பாத்தா, இரத்தம் எடுத்தா. ரத்தம் குறைவாம், கீரை குடுக்கட்டாம். அது எனக்கும் தெரியும். மற்றப் பெயின்டர் பிள்ளையளிட்டயும் எடுத்தா. தயாபரி அக்காவின்ர புருசன் மீன் மார்க்கெட்டில மூட்டை தூக்கிறவர். அதால கவிந்தனை விட்டிட்டா. "எங்களுக்குப் பரவாயில்லை, நாங்கள் சுத்தம்" எண்டு அக்கா எல்லாருக்கும் கேக்கிற மாதிரிச் சொன்னா.

ஜூலை 27, சனி

டாக்டர் போன் எடுத்தா.

ரொஷானியின்ர இரத்தத்தில காரீயம் இருக்காம். அஞ்சுக்குக் கீழ இருக்கவேணுமாம், இவளுக்கு முப்பத்தெட்டு. பழைய பெயின்டில அந்தக் காலத்தில காரீயம் கலப்பாங்களாம், மஞ்சளிலயும் பச்சையிலயும் கூடவாம். அந்தத் தூள் பிள்ளையின்ர வயித்துக்க போய் இரத்தத்தில ஏறி மூளைக்குப் போகுமாம். வயித்து நோ, கோபம், பாட்டு மறக்கிறது எல்லாம் அதாலதானாம்.

"திரும்ப வருமா டாக்டர், பாட்டு?"

"இப்பவே நிறுத்தினா நல்லா தேறும்மா. எல்லாமே திரும்ப வரும்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. மொதல்ல வீட்ல பழைய பெயின்ட் எது இருந்தாலும் வெளிய போகணும். அப்பா வேலை உடுப்போட உள்ள வரக்கூடாது."

இவரிட்டச் சொன்னன். முகம் செத்துப்போச்சு. பிறகு கத்தினார். "பதினெட்டு வயசில இருந்து சுரண்டுறன், எனக்கு ஒண்டும் வரேல்லயே? வேலையை விடட்டா? விட்டிட்டு எதைத் தின்னுறது?" கத்திப்போட்டு வெளிய போய்ச் சந்து முனையில குந்திக்கொண்டு இருந்தார். சோத்துக்கு வரேல்ல.

நான் கதவைப் பாத்தன். மகளின்ர உயரத்துக்கு, கையெட்டுற இடம் வரைக்கும், பச்சையே இல்லை. மஞ்சளும் இல்லை. வெறும் மரம்.

ஜூலை 28, ஞாயிறு

மாதா கோயில் பூசைக்குப் போகேல்ல. கோடாலி வாங்கி வந்து கதவைக் கொத்தினன். நான்தான் கொத்தினன். இவர் முதலில பாத்துக்கொண்டு நிண்டார், பிறகு கோடாலியை வாங்கி மிச்சத்தைக் கொத்தினார். என்ர பிள்ளையின்ர மூளையைத் தின்ன கதவு! ஒவ்வொரு கொத்துக்கும் எனக்கு நெஞ்சு ஆறினது. நல்லாக் கொத்தினன்.

சுவரெல்லாம் ஈரத்துணியால துடைச்சன். பாயை மாத்தினன். இவருக்குக் குழாயடியில குளிப்பு, வேலை உடுப்புக்குத் தனி வாளி. சீலையைத் திரும்பக் கட்டியாச்சு.

விறகு மலை மாதிரிக் கிடக்கு. காஸ் சிலிண்டரும் முடிஞ்சுபோச்சு. தேக்கு விறகு, ராசா வீட்டிலயும் எரிச்சிருக்க மாட்டாங்க. பாதியைக் கட்டித் தயாபரி அக்காவுக்குக் குடுத்தன். மகள் கடிச்சதுக்கும் சேத்து. அக்கா வாங்கிக்கொண்டு, "உள்ள வா, தேத்தண்ணி குடி" எண்டா. குழாய்ச் சண்டை முடிஞ்சுது. அவவின்ர தேத்தண்ணியில சீனி கூட, அதையும் குடிச்சன்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

டாக்டர் சொன்ன எல்லாம் செய்யிறன். ஒரு மாசத்தில திரும்ப இரத்தம் எடுக்கவேணுமாம். கட்டாயம் இறங்கியிருக்கும்.

விறகு என்னமா எரியுது! ஒருக்காக் கொளுத்தினால் போதும். ஓரத்தில பெயின்ட் பொங்கி நீலமா எரியும். ரொஷானிக்கு அது விளையாட்டு. அடுப்புக்குப் பக்கத்தில பலகை போட்டுக் குந்திக்கொண்டு "நீலம், நீலம்" எண்டு கை தட்டுறாள். கதைக்கிறாளே எண்டு எனக்குச் சந்தோசம். வீட்டில கொஞ்சம் பெயின்ட் மணம், அது புகை போகிற வரைக்கும்தான்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

கும்பிளா மீன் வாங்கினன். சாம்பல் தடவிக் கழுவினால்தான் மீன் கையில வழுக்காது, இப்ப சாம்பலுக்குப் பஞ்சமில்லை. சட்டி பானை எல்லாம் சாம்பலால மினுக்கி வச்சிருக்கிறன், முகம் பாக்கலாம். அக்கா வந்து பாத்திட்டு, "என்னடி, கண்ணாடிக் கடை வச்சிருக்கிறாய்" எண்டா. அவவுக்கும் ஒரு டப்பா சாம்பல் குடுத்தன். அவ சுட்ட ரொட்டி தந்தா.

ரொஷானி மீன் தின்னேல்ல. ரொட்டியும் தின்னேல்ல.

ஆகஸ்ட் 19, திங்கள்

இரவு ரெண்டு தரம் குடிச்ச பாலைச் சத்தி எடுத்தாள். சூட்டால இருக்கும்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

கையெழுத்து வரிசையில ரொஷானி விழுந்திட்டாள். நடந்து வந்தவள், அப்பிடியே காலை மடிச்சு விழுந்தாள். அக்காதான் தூக்கினா. கவிந்தன் "ரொஷி, ரொஷி" எண்டான். இவள் அவனை ஆரெண்டு தெரியாத மாதிரிப் பாத்தாள்.

இவர் கேட்டார், "குறைஞ்சிருக்குமா?"

"குறைஞ்சிருக்கும்" எண்டன்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

இரத்தம் எடுத்தாச்சு. அழக்கூட இல்லை அவள். ஊசியைப் பாத்துக்கொண்டு இருந்தாள். முந்தி எண்டா ஆஸ்பத்திரியையே தூக்கியிருப்பாள்.

செப்டம்பர் 3, செவ்வாய்

மதுரைப் பெரியாஸ்பத்திரியில இருந்து எழுதுறன். மகள் கட்டிலில. நான் கீழ.

காலமை டாக்டர் நப்பின்னை எங்களை நேரா இங்க வரச் சொல்லிக் கூப்பிட்டா. அறுபத்தொண்டாம். இறங்கிறது எப்பிடி ஏறும்?

"வீட்ல இன்னும் ஏதோ இருக்கும்மா" எண்டா டாக்டர்.

எனக்கு ஆத்திரம் தாங்கேல்ல. "என்ன இருக்கு? நீங்க சொன்ன எல்லாம் செய்தனான். இவர் குளிக்காமல் படி ஏறுறதில்ல. தினமும் ஈரத்துணியால துடைக்கிறன். அந்தக் கதவைக்கூடக் கொத்தி எரிச்சுப்போட்டன்!"

டாக்டர் எழுதினதை நிப்பாட்டினா.

"எரிச்சீங்களா? எங்கம்மா?"

"அடுப்பிலதான். சோறு பொங்கினன்."

அவ என்னைத் திட்டேல்ல. திட்டியிருக்கலாம். மெதுவாச் சொன்னா. காரீயம் நெருப்பில அழியாதாம். பாதி புகையோட போய் மூச்சுக்குள்ள இறங்குமாம், பாதி சாம்பலில அப்பிடியே கிடக்குமாம். பிறகு, "சாம்பலை என்ன பண்ணீங்க?" எண்டு கேட்டா.

மீன் கழுவினன். சட்டி மினுக்கினன். பால் காய்ச்சிற சட்டியையும் மினுக்கினன். ஒண்டொண்டாச் சொன்னன். சொல்லச் சொல்ல இவர் சுவரைப் பிடிச்சுக்கொண்டு இருந்திட்டார். என்ர கையாலதான் ஊட்டியிருக்கிறன். பலகை போட்டு இருத்தி, கை தட்டி, புகைக்குள்ள வச்சிருந்திருக்கிறன். கடவுளே, நான் ஒரு தாயா?

டாக்டர் இன்னொண்டும் கேட்டா. "அந்த விறகை வேற யாருக்காவது குடுத்தீங்களா?"

இல்லை எண்டன்.

ஏன் அப்பிடிச் சொன்னன் எண்டு தெரியேல்ல. வாயில வந்திட்டுது.

செப்டம்பர் 4, புதன்

மருந்து தொடங்கியாச்சு. குளிசையை உடைச்சால் கூழ்முட்டை நாத்தம். வாழைப்பழத்தில மசிச்சுக் குடுத்தால் துப்புறாள். மூக்கைப் பிடிச்சுக் குடுக்கப் பழகிட்டன். காரீயத்தை மூத்திரத்தோட வெளிய கொண்டுபோகுமாம். நாள் முழுக்க மூத்திரம் போகிறாளா எண்டு பாக்கிறதுதான் என்ர வேலை.

இவர் முகாமுக்குத் திரும்பிட்டார். வெள்ளிக்கிழமை கையெழுத்து, ஒராளாவது நிக்கவேணும். அதுக்குள்ள அடுப்பை உடைச்சு, சாம்பல், மிச்ச விறகு எல்லாத்தையும் சாக்கில கட்டி டாக்டர் அனுப்பின ஆக்களிட்டக் குடுத்திட்டாராம். மண்ணையும் ஒரு முழம் வெட்டி எடுத்தாராம். பின்னேரம் போனில சொன்னார், "ஜெசி, பக்கத்து வீட்டில புகை வருது."

நான் மகளின்ர போர்வையை இழுத்துவிட்டன்.

"சொல்லட்டா?"

"வேணாம். மகள் தேறட்டும், நானே வந்து சொல்லுறன்."

"ஏனப்பா?"

"கவிந்தன் கொழுகொழு எண்டுதானே இருக்கிறான். அவனுக்கு ஒண்டும் ஆகாது. இப்பச் சொன்னால் அவ முகாமையே கூட்டிப்போடுவா. பிள்ளைக்கு நஞ்சு வச்சவள் எண்டு என்னைச் சுட்டிக்காட்டுவாங்க."

"உன்ர கையாலதான் குடுத்தனி. உன்ர வாயாலதான் சொல்லவேணும். ஆனா கெதியாச் சொல்லு" எண்டிட்டு வச்சிட்டார். இவர் இப்பிடி என்னோட கதைக்கிறதில்ல.

நித்திரை இல்லை.

செப்டம்பர் 5, வியாழன்

பின்னேரம் தயாபரி அக்கா போன் எடுத்தா. இவரிட்ட நம்பர் வாங்கினாவாம்.

"எடி ஜெசிந்தா, ரொஷி எப்பிடி இருக்கிறாள்? பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேந்து வச்சிருக்கிறன். உங்கட மாதாவுக்கும் ஒரு மெழுகுதிரி கொளுத்தினன், அவ வேற்று ஆளெண்டு கோவிக்க மாட்டாதானே?"

சிரிக்கவேணும் எண்டு சிரிச்சன்.

"நீ தந்த விறகிலதான் இப்பவும் சமைக்கிறன், கொஞ்சம் மிச்சம் கிடக்குது. அதில நாலு கட்டையை உனக்கெண்டு தொடாமல் எடுத்து வச்சிருக்கிறன். நீ பிள்ளையோட வந்து இறங்கேக்க வெந்நீர் வச்சுக் குளிப்பாட்டவேணும், உங்கட வீட்டில அடுப்பையும் உடைச்சுப்போட்டார் அந்த மனுசன். ஏனாம்? கேட்டால் வாயைத் திறக்கிறாரில்ல."

கவிந்தன் எப்பிடி எண்டு கேட்டன்.

"அவனுக்கென்ன, சாப்பாட்டில கள்ளம். நேத்தில இருந்து வயித்தைப் பிடிச்சுக்கொண்டு திரியிறான். விளக்கெண்ணெய் குடுத்திருக்கிறன்."

நர்ஸ் கூப்பிடுறா எண்டு சொல்லி வச்சிட்டன். நர்ஸ் கூப்பிடேல்ல. நர்ஸ் அங்கால ஆரோடயோ கதைச்சுக்கொண்டு இருந்தா. நான் நடையில போய்ச் சுவரோட நிண்டன். வயித்தைப் பிடிச்சுக்கொண்டு திரியிறான். விளக்கெண்ணெய். நானும் அப்பிடித்தான் தொடங்கினன்.

உடன அக்காவுக்குத் திரும்பப் போன் எடுத்தன். எல்லாத்தையும் சொன்னன். கதவு, மஞ்சள், விறகு, புகை, சாம்பல். அந்த டப்பா சாம்பலையும் சொன்னன். நடுவில மூச்சு வாங்கக்கூட நிக்கேல்ல, நிண்டால் சொல்லமாட்டன் எண்டு தெரியும். அந்தப் பக்கம் பாத்திரம் ஒண்டு விழுந்து உருண்டுது. அடுப்பில தண்ணி ஊத்திற சத்தம் கேட்டுது, சுர் எண்டு. போன் கட்டாகிப்போச்சு.

செப்டம்பர் 6, வெள்ளி

இண்டைக்குக் கையெழுத்து நாள். தயாபரி அக்கா வரிசையில நிக்கேல்ல. விடியக்காலமையே பஸ் ஏறி, பத்து மணிக்குக் கவிந்தனை இடுப்பில வச்சுக்கொண்டு வார்டு வாசலில நிண்டா. நாலு வயசுப் பிள்ளை, நடக்கிற பிள்ளை. அவனை இறக்கிவிடாமல் தூக்கிக்கொண்டு வந்திருந்தா.

டாக்டர் இரத்தம் எடுத்தா. கவிந்தன் ஆஸ்பத்திரி அதிரக் கத்தினான். அந்தச் சத்தத்தைக் கேக்க எனக்குச் சந்தோசமா இருந்துது. ரொஷானி தலையைத் திருப்பிப் பாத்தாள். கனநேரம் பாத்தாள். "கவி" எண்டாள். அக்கா அதைக் கேட்டா. முகத்தைத் துடைச்சுக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பிட்டா.

நான் தேத்தண்ணி வாங்கி வந்து நீட்டினன். வாங்கினா, குடிக்கேல்ல. முடிவு திங்கக்கிழமைதான் வருமாம். ரெண்டு பேரும் ஒரே மர வாங்கில இருந்தம். அக்காவின்ர வாய் குழாயடி வரைக்கும் கேக்கும். இண்டைக்கு அவ என்னைத் திட்டுவா, அடிப்பா எண்டுதான் நினைச்சுக்கொண்டு இருந்தன். அடிச்சால் வாங்குவன் எண்டுதான் இருந்தன்.

"உனக்கு டாக்டர் எப்ப சொன்னவ?" எண்டு கேட்டா.

"செவ்வாய்க்கிழமை, அக்கா."

தேத்தண்ணியைக் கீழ வச்சா. பிறகு எனக்கு மட்டும் கேக்கிற மாதிரிச் சொன்னா.

"செவ்வாயும் புதனும் வியாழனும் நான் அந்த விறகிலதான் இவனுக்குச் சோறு வடிச்சன், ஜெசிந்தா."